லாலியின் படைக்குச் சோறு போட்டது யார்?

கேள்வி இதுதான்: "வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியை அவருடைய நாடே துரோகி என்று சொல்லித் தலையை வெட்டியதாகப் படித்தேன். ஐரோப்பாவில் பெரிய வீரர் என்று பெயர் வாங்கியவர் இங்கே வந்து ஏன் இப்படிச் சொதப்பினார்? உண்மையிலேயே ஆங்கிலேயருக்கு விலை போனாரா?"

விலை போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாலி ஆங்கிலேயரிடம் ஒரு காசு வாங்கினார் என்று காட்ட யாரிடமும் சான்று இருந்ததில்லை. அவர் குடும்பத்துக்கும் இங்கிலாந்துக்கும் இருந்தது தலைமுறைப் பகை. ஆனால் "ஏன் சொதப்பினார்" என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது புரியும்.

பெயரே ஒரு துப்பு. தொமா ஆர்தர் லாலி, தொலாந்தல் பிரபு. "தொலாந்தல்" என்பது அயர்லாந்தில் கால்வே பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் பிரெஞ்சு வாயில் உருமாறியது. அப்பா ஐரிஷ் கத்தோலிக்கர். 1691இல் லிமரிக் நகரம் ஆங்கில அரசர் வில்லியமின் படையிடம் சரணடைந்தபோது ஆயிரக்கணக்கான ஐரிஷ் படைவீரர்கள் ஊரைவிட்டுப் பிரான்சுக்குப் போனார்கள். அதில் லாலியின் அப்பாவும் ஒருவர். பிரெஞ்சு அரசர் அவர்களைத் தனி ஐரிஷ் ரெஜிமென்ட்டுகளாகவே தன் படையில் வைத்துக்கொண்டார். அப்பா அங்கே ஒரு பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். 1702 ஜனவரியில் தோஃபினே மாகாணத்து ரோமான் என்ற ஊரில் லாலி பிறந்தார்.

பையனை அப்பா வளர்த்த விதம் கொஞ்சம் விசேஷம். ஏழு வயதில் ஸ்பெயினில் ஜெரோனா முற்றுகைக்குக் கூட்டிக்கொண்டு போனாராம், வெடிமருந்து வாசனை பழகட்டும் என்று. பன்னிரண்டு வயதில், 1714இல், பார்சிலோனா முற்றுகையில் அகழிக் காவல். உழவர் வீட்டுப் பிள்ளை வரப்பில் வளர்வதுபோல் இவர் முற்றுகை அகழிகளில் வளர்ந்தார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

1733-34இல் ரைன் நதிக்கரைப் போர். அங்கே எதிரி கையில் சிக்கவிருந்த அப்பாவை இவர் காப்பாற்றினார் என்பார்கள். இடையில் ரஷ்யாவுக்கு அரசுத் தூது போய், அது பலிக்காமல் திரும்பினார். 1743இல் டெட்டிங்கன். 1744இல் அவர் பெயரிலேயே ஒரு ஐரிஷ் ரெஜிமென்ட். இதெல்லாம் அந்தக் காலத்து நல்ல அதிகாரி பலருக்கும் நடந்ததுதான். லாலியை லாலி ஆக்கியது 1745 மே 11, ஃபோந்தனுவா.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் எதிரொலி வந்தவாசியில் கேட்கும். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது அந்த ஊர். பிரெஞ்சுத் தளபதி மொரீஸ் த சாக்ஸ் உடம்பெல்லாம் நீர் கோத்து, குதிரையில் நெடுநேரம் உட்கார முடியாத நிலையில், பிரம்பு வண்டியில் இருந்தபடி படை நடத்துகிறார். பதினைந்தாம் லூயி நேரில் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்பர்லாந்து கோமகனின் ஆங்கிலக் காலாட்படை ஒரே கட்டியான மாபெரும் அணியாகத் திரண்டு பிரெஞ்சு வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது. மோதிய பிரெஞ்சு ரெஜிமென்ட்டுகள் ஒவ்வொன்றாகச் சிதறின. கடைசியில் பீரங்கிகளைக் கொண்டுவந்து அந்த அணியின் முகத்தில் வைத்துச் சுட்டார்கள். பக்கவாட்டிலிருந்து ஆறு ஐரிஷ் ரெஜிமென்ட்டுகள் பாய்ந்தன. அதில் ஒன்று லாலியுடையது. "துப்பாக்கி முனை ஈட்டி எதிரியின் வயிற்றைத் தொடும்வரை சுடாதீர்கள்" என்று அவர் தன் ஆட்களிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஆங்கில அணி உடைந்தது. காயத்தோடு நின்ற லாலியை அரசர் களத்திலேயே பிரிகேடியர் ஆக்கினார்.

அப்புறம் ஸ்காட்லாந்தில் ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் கலகம். லாலி விடுவாரா? அதிலும் இருந்தார். 1747இல் லாவ்ஃபெல்ட், பெர்கன்-ஓப்-சோம், 1748இல் மாஸ்திரிக்ட். போர் முடிந்தபோது மேஜர் ஜெனரலுக்குச் சமமான பதவி. நாற்பத்தாறு வயது. பெயர், புகழ், அரசரின் நம்பிக்கை எல்லாம் இருந்தது. குறை என்றால் வாய்தான். கோபம் வந்தால் எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் கோழை, திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

சரி, இங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இதுவரை சொன்ன முப்பது நாற்பது வருடத்தில் லாலி ஒருநாளாவது "நாளைக்கு என் ஆட்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்" என்று கவலைப்பட்டிருப்பாரா? பட்டிருக்க மாட்டார். ஃபிளாண்டர்சில் சாக்ஸின் படைக்குப் பின்னால் ரொட்டிச் சூளைகள் வந்தன. அதற்கு மாவு சேர்க்க, வண்டி பிடிக்க, கடன் திரட்ட பாரி சகோதரர்கள் என்ற பெரிய பணக்காரர்கள் பாரிஸில் இருந்தார்கள். சம்பளம் தர கணக்கர்கள் இருந்தார்கள். ரெஜிமென்ட் தலைவனின் வேலை, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் போய் மோதுவது. அந்த வேலையில் லாலியை மிஞ்ச ஆள் குறைவு. கடலூர், தஞ்சாவூர், சென்னை, வந்தவாசி என்று அவர் சறுக்கிய இடங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லா இடத்திலும் சண்டைக்கு முன்பே கூலி, மாடு, அரிசி, சம்பளம், கப்பல் என்ற கணக்கில் அவர் தோற்றுவிட்டிருப்பார். வீரம் அவரைக் கைவிடவே இல்லை.

1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. இந்தியாவில் ஆங்கிலேயரை ஒழிக்கப் படை அனுப்ப முடிவானது; தலைமை லாலிக்கு. அமைச்சர் தார்ஜான்சோன் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை எச்சரித்தார்: அவருடைய நேர்மையும் துணிவும் எனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் அவர் எல்லோரையும் பகைத்துக்கொள்வார் என்று. அவர்கள் கேட்கவில்லை. போதாததற்கு, ஒதுக்கிய கப்பல்களிலும் ஆட்களிலும் பணத்திலும் ஒரு பகுதியைக் கடைசி நேரத்தில் கனடாவுக்குத் திருப்பிவிட்டார்கள். 1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல்கள் 1758 ஏப்ரல் 28 அன்றுதான் புதுச்சேரி வந்தன. கிட்டத்தட்ட ஒரு வருடம்! கடற்படைத் தலைவர் தாஷே நிதானம் என்பதையே கலையாகப் பயின்றவர். இதற்குள் வங்காளத்தில் பிளாசி முடிந்து, கிளைவின் கையில் ஒரு நாட்டின் கஜானாவே வந்துவிட்டது.

புதுச்சேரியில் வரவேற்புக்கு வெடித்த பீரங்கிகள் சிலவற்றில் தவறிப்போய் உண்மையான குண்டு இருந்து, அது லாலி வந்த கப்பலையே துளைத்தது என்று ஒரு கதை உண்டு. சகுனம் பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

லாலி சகுனம் பார்க்கிறவர் அல்லர். நேரம்கூடப் பார்க்கவில்லை. இறங்கிய அன்று மாலையே, இன்னும் மூட்டை இறக்கி முடியாத நிலையில், தெஸ்தேன் என்ற அதிகாரியின் கீழ் ஒரு படையைக் கடலூருக்குக் கிளப்பினார். புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் வழிகாட்டி இல்லை, கட்டுச்சோறு இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை. சித்திரை மாதப் புழுக்கத்தில் அந்தச் சொல்தாக்கள் (படைவீரனைப் புதுச்சேரியில் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்) இரவெல்லாம் வழி தெரியாமல் சுற்றி, விடிந்து வெகுநேரம் கழித்துப் பசியோடு போய்ச் சேர்ந்தார்கள். இந்த ஒரு இரவில் அவருடைய மூன்று வருடக் கதையும் இருக்கிறது.

ஆனாலும் கடலூர் விழுந்தது. தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டை, ஆங்கிலேயரின் பலமான கோட்டைகளில் ஒன்று, ஜூன் 2இல் சரணடைந்தது. வந்து ஐந்தே வாரம். அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். இனி இந்தத் தீபகற்பத்தில் ஆங்கிலேயன் இருக்கக்கூடாது, இதுதான் என் அரசியல் முழுவதும் என்று, ஐதராபாத்தில் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்குக் கடிதம் எழுதினார். அடுத்தது சென்னைதான் என்பது சரியான கணக்கு. அப்போதே போயிருந்தால் கதை மாறியிருக்கலாம். ஆனால் தாஷே கப்பலைக் கொண்டுவர மறுத்துவிட்டார். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் த லெரி பணப்பெட்டியைத் திறந்து காட்டினார், காலி.

வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்துக்குப் பீரங்கியும் குண்டும் இழுக்க மாடும் கூலியும் போதவில்லை. உடனே புதுச்சேரித் தமிழர்களைச் சாதி பார்க்காமல் பிடித்து, பிராமணர் உட்பட, சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். இதைப் படித்துவிட்டு "சமத்துவவாதி போலிருக்கிறதே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மாட்டுக்குப் பதில் மனிதனைக் கட்டுவதில் என்ன சமத்துவம்? ஊர்க்காரர்கள் மிரண்டு ஓடினார்கள். வணிகரும் துபாஷிகளும் (பிரெஞ்சுக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவே நின்ற மொழிபெயர்ப்பாளர்-தரகர்கள்) ஒதுங்கினார்கள். அதோடு அரிசியும் கடனும் ஒதுங்கின. முன்னாள் கவர்னர் தூப்ளேக்ஸ் காலத்திலிருந்து புதுச்சேரிக்குப் படை நடத்தத் தெரிந்திருந்தது என்றால், அதற்குப் பாதிக் காரணம் ஆனந்தரங்கப் பிள்ளை போன்ற துபாஷிகள் வைத்திருந்த தொடர்புகள். லாலி அந்த நூலை வந்த மாதமே அறுத்துவிட்டார்.

காசு வேண்டும். பழைய பத்திரம் ஒன்று இருந்தது. 1749-50 வாக்கில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சாவூரை மிரட்டியபோது ராஜா பிரதாப சிங் எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம். அதை வசூலிக்கலாமே என்று லாவூர் பாதிரியார் யோசனை சொன்னார். ஜூன் நடுவில் லாலி தெற்கே கிளம்பினார். தஞ்சாவூருக்குக் கடன் வசூலிக்கப் போன படை, வழியில் சாப்பிட வழியில்லாமல் கொள்ளையடித்துக்கொண்டே போனது. நாகூரில் கொள்ளையிடும் உரிமையையே தன் குதிரைப்படைத் தலைவர் ஒருவருக்குக் குத்தகை விடுவதுபோல் விலைக்கு விட்டார்.

அப்புறம் கீழ்வேளூர். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் போனவர்களுக்கு அந்த மாடக்கோயில் தெரிந்திருக்கும். யானை ஏற முடியாதபடி கோச்செங்கட் சோழன் உயர்த்திக் கட்டிய கோயில்களில் ஒன்று என்பார்கள். லாலி அங்கே தங்கினார். கோயிலுக்குள் புதையல் இருக்கிறது என்று தேடினார், வீடுகளைத் தோண்டினார், குளங்களைத் துழாவினார். கிடைத்தவை செப்புத் திருமேனிகள். பொன் என்று நினைத்து எடுத்தவை பொன் இல்லை. கோயிலைச் சுற்றித் திரிந்துகொண்டிருந்த ஆறு பிராமணர்களை வேவுகாரர்கள் என்று முடிவுகட்டி, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தங்கள் சாமியை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்களாகத்தான் அவர்கள் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்கச் செய்தி பரவியது. அதற்குப் பிறகு எந்த ஊர் அவருக்கு நெல் தரும்?

தஞ்சாவூர் வாசலில் பேரம் நடந்தது. ராஜா கொஞ்சம் தருவார், நாள் கடத்துவார், திருச்சியில் இருக்கும் ஆங்கிலேயருக்கு ஆள் அனுப்புவார். பொறுமை இழந்த லாலி, ராஜாவையும் குடும்பத்தையும் மொரீஷியஸுக்கு அடிமைகளாக அனுப்புவேன் என்று மிரட்டினார். மிரட்டலுக்குப் பிறகு பேரம் ஏது? பீரங்கியால் மதிலை உடைக்கத் தொடங்கினார்கள், பிளவும் விழுந்தது. ஆனால் வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. இதற்குள் ஆகஸ்ட் 3இல் ஆங்கிலேயரின் கடற்படைத் தலைவர் பொக்காக் கடலில் தாஷேயை அடித்துவிட்டார் என்றும், காரைக்காலுக்கு ஆபத்து என்றும் சேதி வந்தது. காரைக்கால் போனால் திரும்பும் வழி போச்சு. முற்றுகையை விலக்க முடிவு செய்த வேளையில், ஆகஸ்ட் 10 விடியலில், தஞ்சாவூர்க் குதிரைவீரர்கள் முகாமுக்குள் பாய்ந்தார்கள். லாலி மயிரிழையில் தப்பினார். கனமான பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்து போட்டுவிட்டு, பசியோடு, பின்னாலேயே துரத்திவரும் குதிரைகளோடு காரைக்கால் போய்ச் சேர்ந்தார்கள். செப்டம்பரில் தாஷே, எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல், மொரீஷியஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

இந்த இடத்தில் புஸ்ஸியைப் பற்றி நாலு வார்த்தை. ஐதராபாத்தில் நிஜாம் சலாபத் ஜங்கின் பக்கத்தில் இருந்துகொண்டு ஏழு வருடம் படை நடத்தியவர் அவர். அவருக்கு யார் சோறு போட்டார்கள்? 1753இல் நிஜாமிடமிருந்து வட சர்க்கார் மாவட்டங்களின் வரி வருமானத்தைப் படைச் செலவுக்கென்று எழுதி வாங்கிவிட்டார். ஸ்ரீகாகுளம், ராஜமுந்திரி பக்கத்து நெல்லும் பணமும் அவர் ஆட்களைக் காப்பாற்றின. தன் பைக்கும் நிறையச் சேர்த்துக்கொண்டார், அது வேறு விஷயம். லாலி என்ன செய்தார்? அந்தப் புஸ்ஸியை ஐதராபாத்திலிருந்து திரும்ப அழைத்தார். சில மாதத்தில் ஆங்கிலேயரின் படைத்தலைவர் ஃபோர்டு வட சர்க்காரில் இருந்த பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம் போயிற்று. நிஜாமும் பக்கம் மாறிவிட்டார். பிரெஞ்சுக்காரருக்கு இந்தியாவில் நிச்சயமாகப் பணம் தந்துகொண்டிருந்த ஒரே நிலத்தை ஆங்கிலேயர் பறிக்கும் முன்பே லாலி காவலில்லாமல் விட்டிருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய ஆகப் பெரிய தவறு வந்தவாசி இல்லை, இதுதான். அவர் பக்க நியாயம் ஒன்று உண்டு: சென்னையைப் பிடிக்காமல் ஐதராபாத்தில் உட்கார்ந்திருந்து என்ன பயன்? போர்க்கலைப்படி அது சரி. சோற்றுக்கணக்குப்படி அபத்தம்.

1758 டிசம்பரில் சென்னை முற்றுகை. 14ஆம் தேதி பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தது. நாள்பட்ட பசியில் இருந்த ஆட்கள் கொள்ளையிலும் சாராயத்திலும் விழுந்தார்கள். கோட்டையிலிருந்து டிரேப்பர் என்ற ஆங்கில அதிகாரி ஒரு படையோடு வெளியே வந்து தெருச்சண்டை போட்டார். அதில் தெஸ்தேன் பிடிபட்டார். பக்கத்தில் இருந்த புஸ்ஸி உதவிக்குப் போகாமல் நின்றார் என்று லாலியின் ஆட்கள் சொன்னார்கள். பீரங்கி இல்லாமல் எப்படிப் போவது என்று புஸ்ஸியின் ஆட்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே படையில் இருந்த இரண்டு எதிரிகள்.

முற்றுகை 67 நாள். கோட்டைக்குள் ஆங்கில கவர்னர் பிகட்டும் கிழத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸும். வெளியே, செங்கல்பட்டில், பிரெஸ்டன் என்ற அதிகாரியும் நம் யூசுப் கானும், அதாவது மருதநாயகமும். செங்கல்பட்டைப் பிடிக்காமல் சென்னைக்குப் போனது லாலியின் அவசரம். அங்கிருந்துகொண்டு யூசுப் கான் பிரெஞ்சுக்காரருக்கு வரும் ஒவ்வொரு மாட்டு வண்டியையும் மறித்தார். ஈக்களைப் போல இவர்கள், ஓரிடத்தில் விரட்டினால் இன்னோரிடத்தில் வந்து உட்காருகிறார்கள் என்று லாலியே புலம்பியதாகச் சொல்வார்கள். அந்த ஈக்கள் உட்கார்ந்த இடம் அவர் சோற்றுப் பானை. பிப்ரவரியில் அவர் த லெரிக்கு எழுதிய கடிதத்தில் நரகம் என்னை இந்த அக்கிரமத் தேசத்தில் கக்கிவிட்டது, பைபிளில் வரும் யோனாவைப் போல என்னை விழுங்கும் திமிங்கலத்துக்குக் காத்திருக்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 16 மாலை, திமிங்கலத்துக்குப் பதில் ஆறு ஆங்கிலக் கப்பல்கள் வந்தன. காயம்பட்டவர்களையும் பெரிய பீரங்கிகளையும் விட்டுவிட்டு லாலி பின்வாங்கினார். தங்கள் தளபதி தோற்றார் என்று கேட்டுப் புதுச்சேரியில் சிலர் மகிழ்ந்தார்கள். அந்த அளவுக்கு ஆளைச் சம்பாதித்து வைத்திருந்தார்.

1759 செப்டம்பரில் தாஷே திரும்பி வந்து, பொக்காக்கோடு ஒரு சண்டை போட்டு, கொஞ்சம் பணத்தை இறக்கிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அக்டோபரில் பல மாதச் சம்பளப் பாக்கிக்காகப் படையே கலகம் செய்து, தனக்கென்று ஒரு தலைவனைத் தேர்ந்துகொண்டு முகாமைவிட்டு வெளியேறியது. லாலி பணத்தைப் பதுக்குகிறார் என்று நினைத்தார்கள். அவரும் கவுன்சில்காரர்களும் சொந்தப் பணத்தையும் வெள்ளிப் பாத்திரத்தையும் கொடுத்து ஒருவழியாகச் சமாதானம் ஆயிற்று. இந்தப் படையோடுதான் அவர் வந்தவாசிக்குப் போனார்.

1760 ஜனவரி 22. கோட்டை ஏற்கனவே ஆங்கிலேயர் கையில். லாலி அதை முற்றுகையிட்டிருந்தார். மீட்க வந்தவர் அயர் கூட். இவரும் அயர்லாந்துக்காரர், அதுவும் லிமரிக் பக்கம் பிறந்த புராட்டஸ்டன்ட். லாலியின் அப்பா எந்த ஊர்ச் சரணாகதிக்குப் பிறகு நாடு விட்டாரோ அதே லிமரிக். இரண்டு பக்கமும் ஐரோப்பியர் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். லாலியிடம் சற்றுக் கூடுதல். சிப்பாய்கள் தனி. கூலி பேசி அழைத்து வந்த மராட்டியக் குதிரைப்படை தூர நின்று வேடிக்கை பார்த்தது.

தொடக்கத்திலேயே பிரெஞ்சுக் குதிரைப்படையைப் பாயச் சொன்னார் லாலி. அவர்கள் அசையவில்லை. அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டுத் தானே முன்னால் போனார். கொஞ்ச தூரம் வந்தார்கள். ஆங்கிலப் பீரங்கிகள் பேசியதும் திரும்பி ஓடினார்கள். உடனே வந்து காலாட்படைக்குத் தலைமை ஏற்றார். லொரேன் ரெஜிமென்ட்டைப் பன்னிரண்டு பேர் அகலத்தில் நீண்ட அணியாகத் திரட்டி, சுடாமல் ஈட்டிமுனையோடு ஓட்டமாகப் பாயவிட்டார். ஃபோந்தனுவா நினைவிருக்கிறதா? அதே உத்தி. கூட் தன் ரெஜிமென்ட்டை அசையாமல் நிறுத்தி, ஐம்பது கஜத்துக்கு வந்தபின் ஒரே முறை சுட வைத்தார். முன்வரிசை சாய்ந்தது, ஆனாலும் லொரேன்காரர்கள் நிற்கவில்லை, நேரே வந்து கூட்டின் வரிசையைப் பிளந்தே விட்டார்கள். பிளந்தவர்களின் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. ஆங்கிலேயர் இருபக்கத்திலிருந்தும் குத்தினார்கள். ஃபோந்தனுவாவில் பக்கவாட்டில் பாய்ந்தவர் லாலி. இங்கே பக்கவாட்டில் அடிபட்டது லாலியின் ஆட்கள்.

அதே நேரத்தில் பிரெஞ்சு வரிசையின் இடது முனையில், ஒரு குளத்துக் கரையில் அரண் அமைத்து இருந்த இடத்தில், வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்தது. எண்பது பேர்வரை செத்தார்கள் அல்லது கருகினார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். ஆங்கிலேயர் அந்த இடத்தைப் பிடித்தார்கள். மீட்கப் போன புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டது, அவர் கைதியானார். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. களத்தில் பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய 200 பேர் கிடந்தார்கள். ஆங்கிலேயர் பக்கம் இறந்த ஐரோப்பியர் அறுபது சொச்சம்.

இதற்குப் பிறகு ஒரு வருடம் ஆற்காடு, காரைக்கால், சிதம்பரம் என்று ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஐதர் அலியோடு ஒப்பந்தம் போட்டு மைசூர்ப் படையையும் மாடுகளையும் வரவழைத்தார். ஐதருக்குச் சொந்த வீட்டிலேயே ஆபத்து வந்ததும் அவர்கள் திரும்பிப் போனார்கள். புதுச்சேரி தனியாக நின்றது. 1760 நவம்பர் கடைசியில், இருக்கும் அரிசியைப் படைக்கு மிச்சப்படுத்த, நகரத்தில் இருந்த தமிழர்கள் 1,400 பேரை, ஆண், பெண், குழந்தை எல்லோரையும், வெளியேற்றினார். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. திரும்பிப் போனால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். மதிலுக்கும் முற்றுகை வரிசைக்கும் நடுவில் எட்டு நாள். புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள். கடைசியில் கூட் மனம் இரங்கி விட்டார். சோற்றுக்கணக்கில் லாலி சரியாகப் போட்ட ஒரே கழித்தல் இதுதான் என்று நினைக்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

புத்தாண்டு இரவில் ஒரு புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. கடல் திறந்தது. ஆனால் வர வேண்டிய கப்பல் எதுவும் பிரெஞ்சுக்காரருக்கு இல்லை. சில நாட்களில் முற்றுகை மறுபடி மூடிக்கொண்டது. உள்ளே யானை, ஒட்டகம், குதிரை எல்லாம் தின்று முடித்து, ஒரு நாயின் இறைச்சி 24 ரூபாய்க்கு விற்றது. அந்த ஜனவரியில்தான், நகரம் விழுவதற்குச் சில நாள் முன்பு, ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்தார். 1761 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள்.

நோயோடு பல்லக்கில் வெளியேறிய லாலியை அவருடைய அதிகாரிகளே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர் துய்புவா, அரசரின் கணக்கு அதிகாரி, கண் மங்கிய முதியவர். கம்பெனிக்காரர்களின் ஊழல் குறித்த காகிதங்கள் அவரிடம் இருந்தன. ஒரு பிரெஞ்சுக்காரர் அவரை வாள் உருவவைத்து அங்கேயே குத்திக் கொன்றார். காகிதங்கள் மறைந்தன. ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக்குப் பதிலடியாகப் புதுச்சேரியை இடித்தார்கள்.

கைதியாக லண்டனில் இருந்தபோது, பாரிஸில் தன்மேல் பழி சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டார். துரோகி என்றால் லண்டனிலேயே இருந்திருக்கலாமே? வாக்குறுதி கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு பாரிஸ் போனார். என் தலையையும் என் குற்றமின்மையையும் கொண்டுவந்திருக்கிறேன் என்று அமைச்சருக்கு எழுதிவிட்டு, 1762 நவம்பரில் தானாகவே பாஸ்தீல் சிறைக்குள் போனார். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் விசாரிக்கவே இல்லை. பிறகு பாரிஸ் பார்லமென்ட் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. படை, முற்றுகை எதுவும் தெரியாத நீதிபதிகள். சாட்சி சொன்னவர்கள் அவர் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்த அதே ஆட்கள். அரசரின், நாட்டின், கம்பெனியின் நலன்களைக் காட்டிக்கொடுத்தார் என்று 1766 மே 6இல் தீர்ப்பு. மே 9 அன்று, அறுபத்து நான்கு வயதில், பேசிவிடக்கூடாது என்று வாயை அடைத்து, குப்பை அள்ளும் வண்டியில் ஏற்றி, தலை வெட்டும் இடமான கிரேவ் சதுக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல் வெட்டு சரியாக விழவில்லை.

அவரைப் பற்றிய சரியான மதிப்பீடு எதிரியிடமிருந்து வந்தது. புதுச்சேரி விழுந்த பிறகு கூட் எழுதினார்: கடக்க முடியாது என்று நான் நினைத்த தடைகளோடு இவர் போராடினார், சம்பளம் இல்லாமல், எந்த உதவியும் இல்லாமல் ஒரு படையை இவ்வளவு காலம் கலையாமல் வைத்திருக்க இந்தியாவில் வேறு ஒருவரால் முடிந்திருக்காது. நான் இவ்வளவு நேரம் சோறு, சம்பளம் என்று குறை சொல்லிக்கொண்டிருப்பதற்கு இது நேர் எதிர் போலத் தோன்றும். இல்லை. காலி வயிற்றோடு படையைக் கலையாமல் பிடித்துவைப்பது ரெஜிமென்ட் தலைவனின் திறமை, அது அவரிடம் கடைசிவரை இருந்தது. அந்த வயிறு ஏன் காலி என்று கேட்பது தளபதியின் வேலை. அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே பதில், யாரோ திருடுகிறார்கள் என்பது. பாதி உண்மைதான் அது; மீதிப் பாதி கீழ்வேளூரில் இருந்தது.

அவருடைய மகன் த்ரோஃபீம் ஜெரார், எழுத்தாளர் வோல்தேரின் துணையோடு, பல வருடம் வழக்கை விடாமல் நடத்தினார். 1778 மே மாதம் அரச மன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சாகக் கிடந்த வோல்தேர், இந்தச் செய்தி கேட்டு உயிர் திரும்புகிறது, நிம்மதியாகச் சாவேன் என்று மகனுக்குச் சில வரிகள் எழுதி அனுப்பினார். நாலைந்து நாளில் இறந்தார். ரத்து என்றால் விடுதலை இல்லை. மறுவிசாரணை வேறு நீதிமன்றத்துக்குப் போய், வருடக்கணக்கில் இழுத்தது.

புதுச்சேரி வெள்ளை நகரத்தில் லாலி தொலாந்தல் பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. புஸ்ஸிக்கும் இருந்தது, அதை லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று மாற்றியும், ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்றால் நேரே கொண்டுபோய் விடுவார்.